பச்சைக் குளத்தைத் தெளிய வைப்பது எப்படி: தண்ணீரை மொத்தமாகத் திறந்து விடாமல் ஒரு வழி

முதல் வேலை, குளத்தைக் காலி செய்யும் எண்ணத்தைக் கைவிடுவது. பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் என் மாமாவின் வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தபோது அங்கிருந்த நீச்சல் குளம் கரும்பச்சையாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் "திறந்து விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்" என்றுதான் சொன்னார்கள். நம் ஊர் மழைக்கு நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குளத்துத் தண்ணீரின் எடைதான் கான்கிரீட் தொட்டியைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. அந்த எடை போனால் காலிப் பானை மிதப்பதுபோல் தொட்டியே மேலெழும்பி விரிசல் விடலாம். மொசைக் ஓடுகளும் வெயிலில் காய்ந்து கழன்று வரும். பச்சைத் தண்ணீரை அப்படியே வைத்துத் தெளிய வைக்க முடியும், செலவும் குறைவு.

அடி தெரியாத தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. ஒரு பிள்ளை உள்ளே விழுந்தாலும் வெளியே தெரியாது. வேலை முடியும்வரை வேலிக் கதவைப் பூட்டியே வையுங்கள். கொசுப் புழு இருந்தால் இன்னும் அவசரம். ஏடிஸ் கொசு பெருகும்படி தண்ணீரை விட்டு வைப்பது மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, பக்கத்து வீட்டுக்காரருக்கு டிங்கி வரக் கூடாது.

குப்பை, பம்ப்

இலை தழையை ஆழ வலையால் அடிவரை அரித்து எடுங்கள். பாசியைக் கொல்ல வேண்டிய குளோரினை அடியில் கிடக்கும் மட்கிய இலையே தின்றுவிடும். பிறகு பம்பை ஓட விட்டு ஃபில்டரின் அழுத்தமானியைப் பாருங்கள். பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட விட்டு ஃபில்டரைக் கழுவுவது) செய்து முடித்த உடனே முள் எங்கே நிற்கிறது என்று ஃபில்டர் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். அதிலிருந்து கால் பங்கு ஏறினால் மறுபடி பேக்வாஷ். வால்வைத் திருப்புமுன் பம்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழியும்.

குளத்தின் கொள்ளளவு

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கினால் கன மீட்டர் வரும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.8 என்றால் சராசரி 1.4. மொத்தம் ஏறத்தாழ 45 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1 கிராம் போட்டால் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆக இந்தக் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் ஏற்ற 45 கிராம் தேவை. இதை எழுதி வையுங்கள், கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

சோதனை: இங்கேதான் நான் நீண்ட நேரம் நின்றேன்

காகிதப் பட்டைச் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஈரக் காற்றில் டப்பாவைத் திறந்த சில வாரத்திலேயே அதன் நிறம் நம்பும்படி இருக்காது. சொட்டு மருந்துப் பெட்டி வாங்குங்கள். டெய்லர் கே-2006 வகைப் பெட்டி விலை கூடுதல்தான், ஆனால் குளோரின் அளவு மிக உயர்ந்திருக்கும்போதும் சொட்டை எண்ணிச் சொல்லிவிடும். மலிவான பெட்டிகளில் உள்ள இளஞ்சிவப்பு நிறச் சோதனை, குளோரின் மிக அதிகமானால் நிறம் வெளுத்துப்போய் 'குளோரினே இல்லை' என்று காட்டும். அதை நம்பி மேலும் மேலும் கொட்டுகிறவர்கள் உண்டு.

பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு), குளோரின் இரண்டையும் எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்காமல் விடுவது சயனூரிக் அமிலத்தை. கடையில் 'ஸ்டெபிலைசர்' என்று கேட்டால் தெரியும். வெயிலில் குளோரின் சிதைந்துபோகாமல் காக்கும் பொருள் இது. 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. கூடினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். சோதனையில் குளோரின் நிறைய இருப்பதாக வரும், பாசியோ அசையாது.

இது எங்கிருந்து கூடுகிறது? நாம் மிதவையில் போட்டு வைக்கும் வெள்ளை மாத்திரைகளிலிருந்துதான். டிசிசிஏ (TCCA) என்று எழுதியிருக்கும். அந்த மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. குளோரின் செலவாகிவிடும், அமிலம் அப்படியே தங்கும். வருடக்கணக்கில் மாத்திரை மட்டுமே போட்ட குளம் ஒருநாள் பச்சையானால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சோதனை எளிது. மருந்து கலந்த தண்ணீரைக் குழாயில் ஊற்றிக்கொண்டே வர, அடியிலுள்ள கறுப்புப் புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு. குழாயில் கீழே போகப் போக எண் கூடும், கடைசிக் கோடு 100 பிபிஎம். மாமா வீட்டுத் தண்ணீரிலோ, தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வருமுன்பே புள்ளி மறைந்துவிட்டது. அப்படி ஆனால் குளத்துத் தண்ணீர் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள். 90 வந்தது. உண்மை அளவு 180! அந்த நிலையில் எத்தனை கிலோ குளோரின் போட்டாலும் வீண்.

ஸ்டெபிலைசரைக் குறைக்க நம்பகமான வழி தண்ணீரை மாற்றுவது மட்டுமே. அதையும் தவணையாகச் செய்யுங்கள். மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றி நிரப்பினால் 180 என்பது 120 ஆகும். அடுத்த முறை 80, பிறகு 53, பிறகு 36. மழை விட்டிருக்கும் நாளில் செய்வது பாதுகாப்பு. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு ஏற்றவை. குளோரினைப் போடுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட்டால், குளோரின் கலந்த தண்ணீர் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகாது.

பிஎச்

பிஎச் குறைக்கும் அமிலத்தால் 7.2 அளவுக்கு இறக்குங்கள். பிஎச் ஏற ஏறக் குளோரினின் கொல்லும் திறன் குறையும். இதை முதலிலேயே செய்யுங்கள், ஏனென்றால் குளோரின் 10 பிபிஎம் தாண்டினால் பிஎச் சோதனை தவறாகக் காட்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலத்தின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குளோரின்

எதை வாங்குவது? திரவ குளோரின், இல்லையென்றால் 70 விழுக்காட்டுக் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள். இரண்டிலும் ஸ்டெபிலைசர் இல்லை. மாத்திரை இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். மாத்திரையும் தூளும் ஒரே வாளியில், ஒரே மிதவையில், ஒரே கரண்டியில்கூடப் படக் கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அமிலத்தோடு குளோரின் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் தனித்தனி இடத்தில் வையுங்கள்.

ஸ்டெபிலைசர் அளவில் 40 விழுக்காடு குளோரின் இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் 16 பிபிஎம். நம் 45 கன மீட்டர் குளத்துக்கு 720 கிராம் சுத்தக் குளோரின் தேவை. 70 விழுக்காட்டுத் தூளில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், 10 விழுக்காட்டுத் திரவத்தில் 7 லிட்டருக்குச் சற்று மேல். தூளாக இருந்தால் வாளித் தண்ணீரில் கரைத்து, பம்ப் ஓடும்போது ஊற்றுங்கள்.

ஒரு தடவை கொட்டிவிட்டு மறுவாரம் வந்து பார்த்தால் தெளியாது. அந்த 16ஐ இறங்க விடாமல் பிடித்து வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் பாசி குளோரினை வேகமாகத் தின்னும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து, குறைந்ததை மட்டும் சேருங்கள். பெரிய அளவை இரவு ஏழரைக்கு மேல், வெயில் அடங்கியதும் போடுங்கள். சுவர், படிக்கட்டு, விளக்கின் பின்புறம், ஏணிக் கால் எல்லாவற்றையும் தினமும் பிரஷால் தேயுங்கள். பம்ப் இரவு பகலாக ஓடட்டும்.

பச்சை போய்ச் சாம்பல் கலந்த வெளிர்நீலம் வரும். அது செத்த பாசி. இனி ஃபில்டரின் வேலை. பேக்வாஷ் அடிக்கடி தேவைப்படும், அடியில் படிவதை வேக்கம் போட்டு நேரே வெளியேற்றுங்கள். படிகாரம் போட்டு எல்லாவற்றையும் அடியில் படிய வைக்கும் வழியும் உண்டு. எனக்குப் பொறுமையாக ஃபில்டரை ஓட விடுவதே பிடிக்கும், கலங்கல் திரும்ப வருவதில்லை. பாசிக்கொல்லி, பாஸ்பேட் நீக்கி இரண்டுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? அடி தெளிவாகத் தெரிய வேண்டும். இணைந்த குளோரின் (அழுக்கோடு சேர்ந்து வலுவிழந்தது) 0.5 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. இரவு இருட்டியதும் குளோரினைச் சோதித்து, சூரியன் வருமுன் மறுபடி சோதித்தால் இழப்பு 1 பிபிஎம்முக்குள் நிற்க வேண்டும். மூன்றும் சரியானால் மட்டுமே குளோரினை இறங்க விடுங்கள்.

பின்னால் சேர்த்தது

ஈப்போவிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார்: அடியில் கிடக்கும் காசுகூடத் தெரிகிறது, தண்ணீர் மட்டும் பச்சை, குளோரின் ஏற்ற ஏற்றப் பச்சை கூடுகிறது. அக்கா, அது பாசியில்லை, செம்பு. செம்பு கலந்த பாசிக்கொல்லி முன்பு போட்டிருப்பார்கள். குளோரினை நிறுத்திவிட்டு உலோகம் பிடிக்கும் மருந்து போடுங்கள், தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

இன்னொருவர் கோலாலம்பூரில் வழிந்தோடும் வகைக் குளம் வைத்திருக்கிறார். தெளிந்த மூன்றாம் நாளே மறுபடி பச்சை என்கிறார். இவ்வகைக் குளத்தில் விளிம்பைத் தாண்டி வழியும் தண்ணீர் நிலத்தடியில் ஒரு சமநிலைத் தொட்டிக்குப் போகும். அதன் மூடியைத் திறந்து பாருங்கள், சுவரெல்லாம் பாசி இருக்கும். அங்கேயும் தேய்த்து, ஓரக் கால்வாயின் சல்லடைகளைக் கழற்றிக் கழுவி, தொட்டித் தண்ணீரையும் கொள்ளளவுக் கணக்கில் சேர்த்து மறுபடி குளோரின் ஏற்றுங்கள். தொட்டிக்குள் தனியாக இறங்காதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடம் அது, நீளக் கைப்பிடி பிரஷால் மேலிருந்தே தேய்க்கலாம்.