நாடகத்தைப் படமாக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நாடகம் முடிந்து அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. அந்தச் சூட்டோடு சூடாக மேடைக்குப் பின்னால் போய், "இதை நான் படமாக்குறேன் சார்" என்று குழுத் தலைவரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். சிறு தயாரிப்பாளர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். திரைப்பட உரிமை பெரும்பாலும் குழுவிடம் இருக்காது, எழுதியவரிடம் இருக்கும். அவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு உரிமை உண்டு. வாரிசுகள் நான்கு பேர் என்றால் நால்வரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

வாய்ப்பேச்சு செல்லாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். பலர் படிக்காமல் விடுவது அதன் அடுத்த வரிகளை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். ஃபைனான்ஸ் கிடைக்கவே ஒன்றரை வருடம் இழுக்கும் தொழிலில் அந்த ஓராண்டு கழுத்துக்குக் கத்தி. ஓடிடி, வெளிநாடு, டப்பிங், ரீமேக் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள்.

"கருவை மட்டும்தானே எடுத்தேன்" என்று, தன் நாடகத்தைத் திருடிப் படமெடுத்ததாக நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் காட்டுபவர்கள் உண்டு. கருவுக்குப் பதிப்புரிமை இல்லை என்பது உண்மைதான். காட்சிகளும் வசனமும் நாடகத்தில் இருப்பதுபோலவே வந்தால் அந்தத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

அடுத்து திரைக்கதை. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை 1981-ல் பாலசந்தர் படமாக்கியபோது, மேடையில் பேசித்தான் உணர்த்த முடிந்த வறட்சி கண்ணுக்கு முன்னால் மண்ணாகவே வந்தது. கேமரா காட்டிவிட்டதை வசனம் திரும்பச் சொல்ல வேண்டாம். அதற்காகப் பேச வேண்டிய சண்டையை பூங்காவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இழுத்துக்கொண்டு போவதும் தவறு. நாடகத்திலிருந்தே படமான 'வியட்நாம் வீடு' (1970) பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அதன் நாயகன் பிரஸ்டீஜ் பத்மநாபனுக்கு அந்த வீடுதான் உலகம் என்பதால் அது பொருந்துகிறது.

மேடை வசனத்தில் சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் இடைவெளி விட்டிருப்பார்கள். அப்படியே ஷூட் செய்தால், பஞ்ச் முடிந்ததும் நடிகர் யாருக்காகவோ காத்து நிற்பது எடிட்டிங்கில் தெரியும். அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசியே பழகிய குரல் கிளோஸ்-அப்பில் கத்தலாகிவிடும். ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே, முகத்துக்கு இரண்டடி தூரத்தில் செல்போனை வைத்து ஒத்திகை எடுங்கள், பதிவை நடிகர்களிடமே போட்டுக் காட்டுங்கள்.