கம்போங் பாருவில் ஒரு கந்தூரி: வழிப்போக்கர் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரின் கம்போங் பாருவில் வார இறுதி நண்பகலில் நடந்து செல்லும் தமிழ்ப் பயணிக்கு, தெருவை அடைத்துப் போட்ட பந்தலும், கொம்பாங் என்னும் கைப்பறையின் முழக்கமும், பளபளக்கும் தாள்பூக்கள் தொங்கும் பூங்ஙா மங்கார் கம்புகளும் எதிர்ப்படுவது அரிதன்று. அது மலாய் முஸ்லிம்களின் திருமண விருந்து. நம் ஊர்க் கல்யாணம் போலவே இருக்கிறதே என்ற அந்த முதல் எண்ணத்திலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

மேடையில் மணமக்கள் வீற்றிருப்பதைக் கண்டு, தாலி கட்டுவது போன்ற ஒரு நல்ல நேரத்துக்காகப் பலர் காத்து நிற்கிறார்கள். உண்மையில் நிக்காஹ் அதற்கு முன்பே, பள்ளிவாசலிலோ பெண் வீட்டிலோ, மணமகன் ஒப்புதல் மொழியைச் சொல்லிச் சாட்சிகள் ஏற்றுக்கொண்டதோடு முடிந்திருக்கும். பந்தலில் நடப்பது பெர்சாண்டிங், அதாவது மணமக்கள் மேடையில் அருகருகே வீற்றிருக்கும் சடங்கு. மணமக்கள் அன்றைக்கு ‘ராஜா செஹாரி’, அதாவது ஒரு நாள் அரசர்கள்.

மேடையருகே மஞ்சள் அரிசியும் பன்னீரும் வைத்திருந்தால் நம் கை தானாக அட்சதைக்கு நீளும். அதைத் தவிர்க்க வேண்டும். அது தெப்புங் தாவார் என்னும் வாழ்த்துச் சடங்குக்குரியது. குடும்பத்துப் பெரியவர்களையும் முக்கிய விருந்தினரையும் ஒவ்வொருவராக அழைத்தே அதைச் செய்யச் சொல்வார்கள்.

வாசலில் நிற்கும் பெரியவர் "ஜெம்புட் மாக்கான்" என்று சாப்பிட அழைத்தால், அழைப்பிதழ் இல்லையே என்று கூச்சப்பட்டு நழுவுவதும் தவறுதான். மலாயில் இவ்விருந்தின் பெயர் கெண்டுரி. நாகூர்க் கந்தூரியும் அதே பாரசீகச் சொல்லின் வழி வந்ததே என்பதை அறிந்தவர்க்கு அந்தக் கூச்சம் சற்றுக் குறையலாம். மேசையில் தேநீர்க் கெண்டி போல இருக்கும் பாத்திரத்து நீர் கை கழுவுவதற்கு. அதைக் குவளையில் ஊற்றிக் குடிக்க முயன்ற உறவினர் ஒருவர் எனக்கு உண்டு. வலக்கையால் உண்ண வேண்டும். ‘டாகிங்’ என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. உண்ணாதவர் முகம் சுளிக்காமல் கோழியையும் அன்னாசி, வெள்ளரிக் கலவையையும் நெய்ச்சோற்றோடு எடுத்துக்கொள்ளலாம். உண்டு முடித்தபின் அரட்டைக்கென்று நாற்காலியைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது, ஏனெனில் இங்கே விருந்தினர் அலையலையாக வந்து செல்வர்.

மொய் எழுதும் மேசையைத் தேட வேண்டாம். கொடுக்க விரும்பினால், பணத்தைச் சிறு உறையிலிட்டு, விடைபெறும் சலாமின்போது வீட்டாரின் உள்ளங்கையில் ஓசையின்றி வைப்பதே வழக்கம். ஆண்கள் பெண்களிடம் தாமாகக் கை நீட்டலாகாது. வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலைசாய்த்தால் போதும். படம் எடுக்குமுன் கேட்க வேண்டும் என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை.

கிளம்பும்போது சிறு பரிசு ஒன்று கையில் தரப்படும். முன்பு அது பூவோடு கட்டிய அவித்த முட்டை, பூங்ஙா தெலூர்; மகப்பேற்றை வாழ்த்தும் அடையாளம். இப்போது கேக்கோ மிட்டாயோ இருக்கலாம். அழைக்கப்படாமல் வந்தவருக்கும் அதில் பங்குண்டு என்பதால், வேண்டாம் என்று திருப்பித் தர வேண்டாம்.