.கிட்இக்னோரில் எழுதியும் கோப்பு மறையவில்லையா?

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள் கிட்; அது கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பட்டியல்தான் .கிட்இக்னோர். அதில் கான்ஃபிக்.ஜேசன் என்று எழுதியாயிற்று. ஆனாலும் கிட் ஸ்டேட்டஸ் அடித்தால் அதே கோப்பு ‘மாடிஃபைட்’ என்று வந்து நிற்கிறது. விதியை மாற்றி மாற்றி எழுதாதீர்கள். முதலில் இதை அடியுங்கள்:

கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கான்ஃபிக்.ஜேசன்

பெயர் திரும்பி வந்தால் கிட் அதை ஏற்கெனவே டிராக் செய்கிறது, அதாவது கண்காணிக்கிறது. இக்னோர் விதிகள் டிராக் ஆகாத கோப்புகளுக்கு மட்டும்தான். எனவே:

கிட் ஆர்எம் --கேஷ்டு கான்ஃபிக்.ஜேசன்

அப்புறம் கமிட் (மாற்றத்தைப் பதிவுசெய்தல்). ஃபோல்டர் என்றால் -ஆர் சேருங்கள். --கேஷ்டு விட்டுப்போனால் கோப்பு உங்கள் வட்டிலிருந்தும் போய்விடக்கூடும். அஸ்யூம்-அன்சேஞ்ச்டு (கோப்பு மாறவில்லை என்று கிட்டை எண்ணவைக்கும் குறி) போடச் சொல்பவர்களும் உண்டு. அது இதற்கான கருவியே அல்ல.

அடுத்து, கோப்பு டிராக் ஆகவில்லை, ஆனால் எந்த விதி அதைப் பிடிக்கிறது என்று தெரியவில்லை. எடிட்டரில் பெயர் சாம்பல் நிறமாவதை நம்புவதைவிட இது மேல்:

கிட் செக்-இக்னோர் -வி பில்ட்/எரர்.லாக்

.கிட்இக்னோர்:7:*.லாக் என்று பதில் வரும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எந்த விதி எல்லாம் அதில் இருக்கிறது. சில சமயம் .கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட் (உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் விதிக் கோப்பு) என்று வரும். என்றோ அங்கே எழுதி மறந்த விதியாக இருக்கும். டிராக் ஆகும் கோப்பைக் கேட்டால் இந்தக் கட்டளை வாயே திறக்காது. --நோ-இண்டெக்ஸ் சேர்த்தால் சொல்லும்.

இனி, தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் இடம். லாக்ஸ் ஃபோல்டரில் ஒரு கோப்பு மட்டும் வேண்டும் என்று, விதிவிலக்கைக் குறிக்கும் ! போட்டு இப்படி எழுதுவோம்:

லாக்ஸ்/
!லாக்ஸ்/ரீட்மி.எம்டி

வேலை செய்யாது. ஃபோல்டரையே விலக்கிவிட்டால் கிட் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காது; உள்ளே இருக்கும் கோப்புக்கு எத்தனை ஆச்சரியக்குறி போட்டும் பயனில்லை. ஃபோல்டரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை விலக்க வேண்டும்:

லாக்ஸ்/*
!லாக்ஸ்/ரீட்மி.எம்டி

வரிசை முக்கியம், கடைசியில் பொருந்தும் விதிதான் செல்லும். இன்னொரு அடுக்கு உள்ளே போனால் அந்த அடுக்கையும் திறந்துவிட வேண்டும்:

லாக்ஸ்/*
!லாக்ஸ்/பழசு/
லாக்ஸ்/பழசு/*
!லாக்ஸ்/பழசு/ரீட்மி.எம்டி

விதிக்குப் பக்கத்திலேயே # போட்டுக் குறிப்பு எழுதாதீர்கள். வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் அது குறிப்பு, இல்லாவிட்டால் விதியின் பகுதி.

பின்சேர்க்கை: --கேஷ்டு செய்தபின் நண்பரின் கணினியில் கோப்பு காணாமல் போனதாக ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், அவர் புல் செய்யும்போது (உங்கள் மாற்றங்களைத் தன் கணினிக்கு இறக்கும்போது) நீக்கலும் சேர்ந்தே வரும். முன்கூட்டியே நகல் எடுக்கச் சொல்லுங்கள். அதில் கடவுச்சொல் இருந்தால் உடனே மாற்றுங்கள். பழைய கமிட்களில் அது அப்படியே இருக்கும்.

இன்னொருவருக்கு ஒரு விதிகூட எடுபடவில்லை. விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் எக்கோவும் > குறியும் போட்டு .கிட்இக்னோரை உருவாக்கியிருக்கிறார். அது யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்கும், கிட்டுக்குப் புரியாது. விஎஸ் கோடு எடிட்டரில் கீழே வலது மூலையில் குறியாக்கத்தைச் சொடுக்கி, யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும்.