தேக்காவில் நடைச் சுற்றுலா: பங்காளிகளைச் சேர்ப்பது எப்படி?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் நடைச் சுற்றுலா நடத்தப்போகிறீர்களா? முதலில் நோட்டும் பேனாவுமாகப் பாதை முழுவதையும் ஒருமுறை நடந்துவிடுங்கள். குழு நிற்கப்போகும் ஒவ்வோர் இடத்திலும் யார் வேலை கெடும் என்று எழுதுங்கள். பூக்கடை முன்னால் 15 பேர் நின்றால் அஞ்சடி (கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதை) அடைபட்டுவிடும். ஒரு முழம் மல்லிகை வாங்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நஷ்டம் கடைக்கு, கட்டணம் உங்களுக்கு. அந்தப் பூக்கடைக்காரர்தான் உங்கள் முதல் பங்காளி. பலரும் பெரிய அமைப்புகளில் தொடங்கிக் கடைசியில்தான் அவரிடம் வருகிறார்கள். அதற்குள் அவருக்கு மனம் கசந்திருக்கும்.

பட்டியலில் கடை முதலாளியோடு கல்லாவில் நிற்பவரையும், மேல்மாடிக் குடியிருப்பாளர்களையும், கோயில் நிர்வாகத்தையும், ஞாயிறு மாலை அங்கே கூடும் வெளிநாட்டு ஊழியர்களையும் சேருங்கள். அந்த ஊழியர்களுக்கு அது ஓய்வு நாள். அவர்களைக் காட்சிப்பொருளாக்குவது தவறு. ஞாயிறு மாலையில் சுற்றுலாவே வேண்டாம்.

அமைப்புகளில் லிஷா எனப்படும் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கம், கேம்பல் லேனில் 2015 முதல் இயங்கும் இந்திய மரபுடைமை நிலையம், சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் மூன்றும் முக்கியம். கட்டணம் வாங்கி வழிகாட்டக் கழகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம் தேவை. சிங்கப்பூருக்கு 2023இல் நீடித்த சுற்றுலாத் தலம் என்ற சான்றிதழ் கிடைத்தது. அதன் அளவுகோல்களில் குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்பதும் ஒன்று. அமைப்புகளை அணுகும்போது இதைச் சொல்லுங்கள்.

பங்காளிகளை எப்போது சந்திக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பூக்கடைக்காரருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் யாரையும் கூப்பிடாதீர்கள். வாரநாளில் பிற்பகல் 3 மணி வாக்கில் கடைக்கே போய் 20 நிமிடம் பேசுங்கள். எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்தால் பெரிய கடைக்காரர் பேசுவார், சிறிய கடைக்காரர் தலையாட்டுவார், மறுவாரம் கதவடைப்பார்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும், தமிழிலும் ஆங்கிலத்திலும். குழுவில் அதிகபட்சம் 12 பேர், ஓரிடத்தில் 7 நிமிடம், ஒலிபெருக்கி இல்லை, படம் எடுக்குமுன் அனுமதி, வெள்ளி, சனி காலை பூக்கடைப் பக்கம் போவதில்லை, புகார் சொல்ல ஒரே தொலைபேசி எண் என்று எழுதுங்கள். பணத்தையும் எழுதுங்கள். ஒருவருக்கு 40 வெள்ளி வாங்கினால், அதில் நின்று பார்க்கும் நான்கு கடைகளுக்குத் தலா 2 வெள்ளி அன்றே கைக்குப் போகட்டும். ‘உங்களுக்கு விளம்பரம்தானே’ என்று சொல்லித் தட்டிக்கழித்தால் உறவு மூன்று மாதம் தாங்காது.

கூட்டணி பெரும்பாலும் சண்டையில் உடைவதில்லை, ஆள் மாறும்போது உடைகிறது. குத்தகை முடிந்து கடை கைமாறும், சங்கப் பொறுப்பாளர் மாறுவார், புதியவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பேரின் பெயரை வாங்கி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பாதையில் குழு இல்லாமல் நடந்து, ஒவ்வொரு கடையிலும் ‘எந்த நாள் தொந்தரவாக இருந்தது?’ என்று கேளுங்கள். ‘எல்லாம் சரிதானே’ என்று கேட்டால் ‘சரி’ என்ற பதில்தான் வரும்.