மண்வெட்டி ஒருவர் கையில், கொப்பி இன்னொருவர் கையில்: தோட்டம் செய்யும் பெண்கள் பயிற்சிகளில் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்க மண்டபத்தில் அண்மையில் நடந்த வெங்காயச் செய்கை வகுப்பில் பின்வரிசையில் இருந்தேன். புதிதாக வந்த பெண்களில் மூவர், வரவேட்டில் ‘கமக்காரர் பெயர்’ என்றிருந்த இடத்தில் சற்றும் யோசியாமல் தத்தம் கணவரின் பெயரை எழுதினார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். நேரத்துக்குப் போக வேண்டும், கொப்பியும் பேனையும் கொண்டுபோக வேண்டும் என்பவை பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியுமாதலால் அவற்றை இங்கே எழுதவில்லை.

வகுப்புக்கு வேறொருவரை அனுப்புவது

இந்தத் தவறை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. என்னுடைய தோட்டம் ஆறு பரப்பு, அதாவது அரை ஏக்கருக்கும் குறைவான செம்மண் தறை (தோட்ட நிலம்). சீதனமாக என் பெயரில் எழுதப்பட்ட காணி. பாத்தி கட்டியதும், இறைத்ததும், புல்லுப் பிடுங்கியதும் நான்தான். ஆனால் கமநல சேவை நிலையத்தில் பதியப்பட்டிருந்ததோ வெளி மாவட்டத்தில் உத்தியோகம் பார்த்த என் கணவரின் பெயர். ஆகவே பயிற்சிக்கான அழைப்பும் அவர் பெயருக்கே வந்தது; அவர் ஊரில் இல்லாததால், ‘ஆம்பிளை ஒருவர் போனால் போதும்’ என்று வீட்டில் முடிவாகி, என் தம்பி போய்வந்தான்.

அவன் கொண்டுவந்த தாளில் பசளை அளவுகள் ஹெக்டேயருக்கு இவ்வளவு என்று அச்சிடப்பட்டிருந்தன. “ஹெக்டேயரும் ஏக்கரும் கிட்டத்தட்ட ஒன்றுதான் அக்கா, பதினாறால் பிரியுங்கோ” என்றான். ஒரு ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்பது சரி. ஆனால் ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 2.47 ஏக்கர், அதாவது நாற்பது பரப்புக்குச் சற்றே குறைவு. ஹெக்டேயருக்கு 100 கிலோ என்றால் பரப்புக்கு இரண்டரைக் கிலோ போட வேண்டிய இடத்தில், பதினாறால் பிரித்தவர் ஆறேகால் கிலோ போடுவார். நான் யூரியாவை அந்தக் கணக்கில்தான் போட்டேன். ஹெக்டேயருக்கு எத்தனை பரப்பு என்று வகுப்பில் ஒருவர் கேட்டதாகவும், போதனாசிரியர் பரப்புக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டியதாகவும், அந்த வேளையில் தம்பி வெளியே தொலைபேசியில் நின்றதாகவும் பின்னர் அறிந்தேன். அவனைக் குறைசொல்லிப் பயனில்லை; தோட்டம் அவனுடையதாக இருந்திருந்தால் அவன் வெளியே போயிருக்க மாட்டான்.

வெங்காயத்தாள் கருகருவென்று எழுந்து நின்றதைப் பார்த்து அயலவர்கள் புகழ்ந்தார்கள். கிண்டும் காலம் வந்தும் தாள் சாயவில்லை. கழுத்துத் தடித்து, காய் இளகியிருந்தது. பிடி கட்டித் தொங்கவிட்டவற்றில் பாதிக்கு மேல் சில வாரங்களிலேயே அழுகிப்போக, விலை ஏறும்வரை வைத்திருக்கலாம் என்ற எண்ணமும் அதனோடு போயிற்று. அதைவிட என்னை உறுத்தியது கிணறு. நமது செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல்; பயிர் எடுக்காத நைதரசன் இறைக்கும் தண்ணீரோடு கீழிறங்கி, நாம் குடிக்கும் அதே கிணற்றுக்கு வந்து சேர்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. எங்கள் குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பல அதனைக் கடந்திருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

எனவே, முதலில் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போய், உங்கள் தறை யார் பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்பில் உங்கள் பெயரிலேயே அங்கத்தவராகுங்கள். பயிற்சிக்கு ஆள் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். குத்தகைக்குச் செய்பவர் குத்தகை எழுத்தையும் கொண்டுபோவது நல்லது. காணியை விற்பதற்குத்தான், யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமாகிய தேசவழமைப்படி, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; வெங்காயம் நடவும் வகுப்பில் இருக்கவும் அது வேண்டியதில்லை.

தேநீருக்கும் இலவசக் கன்றுக்கும் போவது

வளர்க்கும் முறையைக் கேளாமல் கொண்டுபோன கன்று பட்டுவிடும்.

பருவம் கடந்து படிப்பது

நவம்பரில் உருளைக்கிழங்கு நடுபவர் விதைக்கிழங்குத் தெரிவைப் பற்றித் தையில் படித்து என்ன பயன்? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையத்தில் அடுத்து என்னென்ன வகுப்புகள் வருகின்றன என்பதை, காலபோகம் தொடங்குமுன், புரட்டாதிக்குள்ளாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சான்றிதழையும் ஒன்றென நினைப்பது

ஒரு நாள் வகுப்பில் தரும் தாள், நீங்கள் வந்திருந்தீர்கள் என்பதற்கு மட்டுமே சான்று. தேசிய தொழிற் தகைமை என்பது ஏழு மட்டங்களைக் கொண்ட வேறோர் ஏணி. வவுனியாவிலும் பரந்தனிலும் உள்ள விவசாயக் கல்லூரிகளின் டிப்ளோமா அந்த ஏணியைச் சேர்ந்தது. பாடசாலை முடித்த மகளுக்கு அது பொருந்தும். பல ஆண்டு தோட்டம் செய்த தாய்க்கோ, கையிலுள்ள அனுபவத்தையே மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறையொன்று இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல், இருபது வரவுச் சான்றிதழ்களைக் கோவையில் அடுக்கிக்கொண்டு போன ஒரு தோழி, நேர்முகத்தில் ஒன்றுக்குமே மதிப்பில்லை என்று கேட்டுத் திரும்பினார்.

வகுப்போடு கேள்வியும் முடிந்தது என்றிருப்பது

விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் 1920. தமிழிலேயே கேளுங்கள்.

வீட்டு ஆணின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பது

அடுத்த வகுப்புக்கான அழைப்பும் அவருக்கே போகும். அந்த மண்டபத்தில் கணவரின் பெயரோடு அவரது இலக்கத்தையும் எழுதியிருந்த மூவரில் இருவர், நான் எழுந்து சென்று சொன்ன பின்பு, அந்த இலக்கத்தை வெட்டித் தங்களுடையதை எழுதினார்கள். மூன்றாமவருக்குத் தன் இலக்கம் மனப்பாடமாக இல்லை.