தரங்கம்பாடியை ஒரே நாளில் நடந்து பார்க்க

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பலர் திருக்கடையூர் கோயிலை முடித்துக்கொண்டு, கோட்டை முன்னால் நாலு படம் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஊருக்கு அது போதாது. நகர வாயிலிலிருந்து கடல் வரை பத்து நிமிட நடைதான். அதற்குள் எழுநூறு வருட வரலாறு இருக்கிறது. வெயிலைப் பார்த்து வரிசைப்படுத்திக்கொண்டால் ஒரு பகலில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கிழமை. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது. ஆகவே சனிக்கிழமையோ வேறு வார நாளோ நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரவேண்டாம். தை, மாசி சுகமான காலம்.

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கி, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பொறையாறு போகும் பேருந்தைப் பிடிக்கலாம். முகூர்த்த நாளென்றால் திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணக் கூட்டம் ஏறும். முதல் நடையிலேயே கிளம்புங்கள்.

ஏழு மணிக்குள் கடற்கரையில் இருக்கும் மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போய்விடுங்கள். நிழலே இல்லாத இடம், ஒன்பதுக்கு மேல் நிற்க முடியாது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த கோயில் இது. முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. டென்மார்க்கிலிருந்து டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே இது வணிகர்கள் புழங்கிய பட்டினம். கோட்டையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு அது புரியாமலே போய்விடும். அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் மேல் ஏறாதீர்கள். அலை படும் பக்கம் பாசி பிடித்திருக்கும், செருப்பு வழுக்கும். குளிக்கவும் இது ஏற்ற கடல் இல்லை.

அடுத்தது டான்ஸ்போர்க் கோட்டை. காலையில் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620இல் ஓவ கெத்த என்ற டேனிஷ் கடற்படைத் தளபதி கட்டத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநர் குடியிருப்பு. எல்லோரும் நேராக மேலே ஓடுகிறார்கள். டேனிஷ் வியாபாரக் கம்பெனி எப்படி இயங்கியது என்பதைக் கீழே உள்ள கிடங்குகள்தான் சொல்லும். பாதி நேரத்தை அங்கே செலவிடுங்கள். இருட்டாக இருக்கும், கைப்பேசி விளக்கு உதவும்.

வெளியே யாராவது கடலில் கிடைத்த பழைய டேனிஷ் காசு என்று நீட்டினால் வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் வீண். அசலென்றால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது குற்றம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பொறையாறு போவதே வசதி. கோட்டைப் பக்கம் கடைகள் குறைவு. தண்ணீர் மட்டும் ஆளுக்கு இரண்டு லிட்டர் கையில் இருக்கட்டும்.

மூன்று மணிக்கு மேல் நகர வாயிலுக்கு வந்து, அங்கிருந்து ராஜ வீதியில் கிழக்கு நோக்கி நடங்கள். சாயும் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், வாயிலின் மேற்கு முகமும் படத்தில் தெளிவாக விழும். இப்போது நிற்கும் வாயில் 1792இல் திரும்பக் கட்டியது. தெருவில் 1701இன் சீயோன் ஆலயம், 1718இன் புதிய எருசலேம் ஆலயம் இரண்டும் அருகருகே வரும். முன்னது ஐரோப்பியர்களுக்கு, பின்னது தமிழ்ச் சபைக்கு. எருசலேம் ஆலய முகப்பில் கிரீடத்தின் கீழ் பின்னிக்கிடக்கும் எழுத்துகளைத் தவறவிடாதீர்கள். டென்மார்க்கின் நான்காம் பிரெடெரிக் மன்னரின் முத்திரை அது. உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை. 1706இல் இங்கே வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து இதே ஊரில் அச்சிட்டவர், 1719இல் இறந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

தூண் வைத்த பழைய வீடுகள் சிலவற்றில் குடும்பங்கள் வசிக்கின்றன. கேட்காமல் திண்ணையில் ஏறிப் படம் எடுப்பது தவறு.

1845இல் டென்மார்க் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குத் தன் இந்தியக் குடியிருப்புகளை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. பிறகு துறைமுக வியாபாரம் நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டது. ஊர் பெருகாமல் இருந்ததால்தான் இந்தத் தெரு இடித்துக் கட்டப்படாமல் தப்பியது.

இருட்டிய பிறகு பேருந்து குறையும். மயிலாடுதுறையில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் ஆறு மணிக்குப் பிரதான சாலைக்கு வந்துவிடுங்கள்.