செயலியின் மீது தெர்மல் பேஸ்ட் இடும் முறை

மேசைக் கணினியை முதன்முறையாகப் பொருத்துபவர்கள் பெரும்பாலும் தயங்கி நிற்பது, செயலிக்கும் (சிபியு) அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டை இடும் கட்டத்தில்தான். எவ்வளவு இடுவது, எந்த வடிவத்தில் இடுவது என்பதிலேயே அவர்களுடைய கவலை முழுவதும் போய்விடுகிறது. ஆனால் பரப்புகளின் தூய்மையும், கூலரைச் சீரான அழுத்தத்துடன் இறுக்குவதும் அவற்றைவிட முக்கியமானவை என்பது என் உறுதியான கருத்து.

செயலியின் உலோக மூடியும் கூலரின் அடித்தட்டும் பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் அந்தப் பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட்; காற்றுக்கோ 0.026 வாட்தான். பேஸ்டின் வேலை அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பள்ளங்களை நிரப்புவதே. காற்றைவிடப் பல மடங்கு சிறப்பாக வெப்பத்தைக் கடத்தினாலும் அது செம்புக்கு ஈடாகாது என்பதால், படலம் எவ்வளவு மெல்லியதாக அமைகிறதோ அவ்வளவு நல்லது.

முதலில் கூலரின் அடிப்பகுதியைப் பாருங்கள். செயலியுடன் வரும் கூலர்கள் பலவற்றில் பேஸ்ட் ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும். அதன்மேல் மேலும் இட வேண்டியதில்லை. அடித்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் மறவாமல் உரித்துவிடுங்கள். பழைய பேஸ்ட் இருந்தால், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் இரு பரப்புகளையும் துடைத்து, ஈரம் முழுவதும் உலர விடுங்கள். துடைத்த இடத்தை விரலால் தொட வேண்டாம். தோலின் எண்ணெய்ப் பசை அங்கே படியும்.

கூலரைத் தாங்கும் சட்டத்தை மதர்போர்டில் பொருத்திவிட்டு, பேஸ்ட் இல்லாமல் ஒருமுறை கூலரை வைத்துப் பார்ப்பது நல்லது. எந்தத் திருகு எங்கே சேர்கிறது, மெமரியின் மேல் விசிறி இடிக்கிறதா என்பவை அப்போதே தெரிந்துவிடும். அதன்பின் மூடியின் நடுவில், மிளகைவிடச் சற்றுப் பெரிய ஒரு துளி பேஸ்டை இடுங்கள். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் (மதர்போர்டில் செயலி அமரும் இடம்) பொருந்துபவை போன்ற நீள்செவ்வகச் செயலிகளுக்கு நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடோ, சிறிய பெருக்கல் குறியோ பொருத்தமாக இருக்கும். சற்றே கூடிப்போனாலும் அஞ்ச வேண்டாம், மிகுதி அழுத்தத்தில் ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும். ஆனால் மூலைகளை எட்டாத அளவுக்குக் குறைந்துவிட்டால் அந்த இடங்களில் வெப்பம் தேங்கும். காலியம் கலந்த திரவ உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால் புதியவர்கள் அதைத் தவிர்ப்பதே சரி.

கூலரைச் செங்குத்தாக இறக்கி வையுங்கள். ஒரு திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லாமல், மூலைவிட்டமாக எதிரெதிர்த் திருகுகளைச் சில சுற்றுகள் வீதம் மாறி மாறி இறுக்கினால்தான் அழுத்தம் ஒருபக்கமாகச் சாயாது. நன்றாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் கூலரைத் தூக்கிவிடாதீர்கள். தூக்கிய நொடியிலேயே பேஸ்ட் கிளை கிளையாகப் பிரிந்து மேலெழும்பி நிற்கும். அப்படியே மீண்டும் அழுத்தினால் அந்த வரிகளுக்கிடையே காற்று சிக்கிக்கொள்ளும். தூக்க நேர்ந்துவிட்டால் முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக இடுவதுதான் வழி. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பழைய கூலரைக் கழற்றுவதாக இருந்தால், கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகிய பின் மின்சாரத்தைத் துண்டித்து, இருபுறமும் மெதுவாகத் திருகியபடியே கூலரை எடுங்கள். நேராக இழுத்தால் செயலியும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் ஊசிகள் வளையக்கூடும்.

விசிறியின் கம்பியை மதர்போர்டில் செயலி விசிறிக்கென உள்ள முனையில் செருகி, கணினியை இயக்கி, பயோஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரை) வெப்பநிலையைக் கவனியுங்கள். அங்கேயே ஓரிரு நிமிடங்களில் 90 டிகிரியை நோக்கி ஏறினால் உடனே நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டதா, திருகுகள் சரியாக இறுகினவா, விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். கடும் வேலையின்போது தெரியும் உயர்ந்த எண்ணை மட்டும் வைத்துப் பேஸ்டைக் குறை சொல்ல இயலாது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் உயர்திறன் செயலிகள் 95 டிகிரி வரை சென்று இயங்குமாறே வடிவமைக்கப்பட்டுள்ளன.